தேவகியின் எடை நின்ற இடம்

நாவலூர் பக்கத்துக் கண்ணாடிக் கிளினிக்குகளில் டயட்டீஷியன்களாக வேலை பார்க்கும் உங்களிடமிருந்து எனக்கு வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "மேடம், கிளையன்ட்டுக்கு வெயிட் நின்னுடுச்சு. என்ன பண்றது?" கூடவே செல்போனில் ஒரு கோட்டுப் படம். முதலில் சரசரவென்று இறங்கி, அப்புறம் மேசை மாதிரி தட்டையாகக் கிடக்கும் கோடு. "கோட்டை அனுப்பாதே, ஆளைப் பத்திச் சொல்லு" என்று பதில் எழுதுவேன். ரிடையர் ஆனதும் இந்த அம்மாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நீங்கள் உங்களுக்குள் பேசிக்கொள்வதும் என் காதுக்கு வந்திருக்கிறது. பேசிக்கொள்ளுங்கள்.

கிறுக்கு இல்லை, ஏக்கம். வெட்கமில்லாமல் சொல்கிறேன். செங்கல்பட்டில் ரயில் பாதையை ஒட்டி இருந்த என் சின்ன அறையை நினைத்து ஏங்குகிறேன். ரயில் போனால் எடை மெஷின் நடுங்கும். செருப்பைக் கழற்றி, வளையலைக் கழற்றி, சிலர் தாலிச் சங்கிலியைக்கூடக் கழற்றலாமா என்று யோசித்தபடி நிற்பார்கள். "இரு, ரயில் போவட்டும், அப்புறம் ஏறு" என்பேன். அந்த ஒரு நிமிடத்தில் அவர்கள் பேசுவதுதான் உண்மையான பேச்சு. இப்போது காலையில் காப்பி குடித்துவிட்டு உட்கார்ந்தால், யாரையாவது நிற்க வைத்துப் பேச்சுக் கொடுக்க மாட்டோமா என்று இருக்கிறது. அதனால் உங்கள் கேள்விக்குப் பதிலாக தேவகியைப் பற்றிச் சொல்கிறேன். எடை நிற்பதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவளிடம் கற்றதுதான்.

தேவகி மறைமலைநகரில் கார் உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தாள். முப்பத்தைந்தைத் தாண்டியிருப்பாள். அவள் கணவன் முருகவேல் அதே கம்பெனிக்கு ஆள் ஏற்றி வரும் பஸ்ஸின் டிரைவர். பூர்வீகம் வேடந்தாங்கல் பக்கம். அண்ணன் தம்பி எல்லாரும் பயிர் வைத்தவர்கள், இவன் மட்டும் ஸ்டியரிங் பிடித்தான். பீடி சிகரெட் கிடையாது, குடி கிடையாது. அந்த மனிதனுக்குத்தான் கல்லீரல் கெட்டுப்போனது. குடிக்காதவனுக்கும் அது கெடும் என்று உங்களுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியாது. "மறைச்சி மறைச்சிக் குடிச்சிருப்பான்" என்று சொந்தக்காரர்களே சொன்னார்கள் என்று தேவகி என்னிடம் சொன்னபோது அவள் கழுத்து நரம்பு புடைத்தது.

மாற்றுக் கல்லீரல் வைத்தால்தான் பிழைப்பான் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அண்ணனுக்கு ரத்த வகை சேரவில்லை. தங்கைக்குச் சர்க்கரை. தேவகிக்குச் சேர்ந்தது. ஆனால் ஸ்கேன் எடுத்தால் அவள் கல்லீரலில் கொழுப்பு. கொழுப்பேறிய கல்லீரலில் பாதியை வெட்டிக் கொடுத்தால் கொடுத்தவளுக்கும் ஆபத்து, வாங்கியவனுக்கும் ஆபத்து. "எடையைக் குறைச்சிட்டு வாங்க, மறுபடி ஸ்கேன் பார்த்து முடிவு பண்ணலாம்" என்று அனுப்பி வைத்தார்கள். வீட்டுக்குப் பக்கம் என்பதால் என்னிடம் வந்தாள்.

முதல் நாள் மெஷினில் ஏறுவதற்கு முன்பே கேட்டாள். "மேடம், நான் அழகுக்கு எளைக்க வரல. எவ்ளோ சீக்கிரம் எறங்கும்னு சொல்லுங்க, போதும்."

என் வேலைக் காலத்தில் அவளைப் போல ஒருத்தி சொன்னபடி நடந்ததில்லை. கம்பெனி கேண்டீன் பரோட்டாவை விட்டாள். சோற்றை அளந்து போட்டாள். விடியற்காலையில் கொளவாய் ஏரிக்கரை ஓரமாக வேர்க்க விறுவிறுக்க நடந்தாள். மாதக் கடைசியில் வந்து ஏறினால் மெஷின் அவளைப் பார்த்துப் பயந்ததைப் போல இறங்கியது. அவள் சிரித்தாள். எனக்கும் பெருமை தாங்கவில்லை. அடுத்த மாதமும் இறங்கியது.

அப்புறம் நின்றது.

ஒரு வாரம் நின்றால் பரவாயில்லை, உடம்பு சற்று மூச்சு வாங்கும் என்று சொன்னேன். இரண்டாம் வாரமும் அதே எண். மூன்றாம் வாரம் அவள் ஏறும்போது கண்ணை மூடிக்கொண்டாள். நீங்கள் செய்வதையெல்லாம் நானும் செய்தேன்: தூக்கம், தண்ணீர், உப்பு, மாதவிலக்கு, தைராய்டு, இளைத்த உடம்புக்கு ஏற்பப் புதுக் கணக்கு. அதையெல்லாம் விவரிக்கப் போவதில்லை, உங்களுக்கே பாடம். எதுவும் ஒத்துவரவில்லை. என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் பிசிறில்லாமல் சொன்னாள். ஒரு பருக்கை ஒளிக்கவில்லை என்று அவள் முகமே சொன்னது.

அந்தப் பக்கம் முருகவேல் இறங்கிக்கொண்டிருந்தான். கை கால் குச்சியாகி, வயிற்றில் மட்டும் நீர் கோத்து வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் எனக்கே போன் செய்தாள். நல்ல மாதிரியான பெண்தான், ஆனால் அவளுக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள். "மேடம், அடுத்த மாசத்துக்குள்ள டோனர் ரெடி ஆகலைன்னா நாங்க வேற வழி பார்க்கணும். வேற வழின்னா வெயிட்டிங் லிஸ்ட்தான். அவருக்கு அவ்வளவு டைம் இருக்கான்னு தெரியல." எங்கள் கிளினிக் டாக்டர், சின்னப் பையன், துடிப்பானவன், "சாப்பாட்டைப் பாதியா வெட்டுங்க மேடம். பத்து நாள் வெறும் கஞ்சித் தண்ணி. எறங்கித்தானே ஆகணும்?" என்றான்.

இறங்கும்தான். தசையும் சேர்ந்து இறங்கும். சோர்ந்து, வதங்கி, சத்தில்லாத ஒருத்தியை மேசையில் படுக்க வைத்து வயிற்றைக் கிழிக்கச் சொல்வதா? மாட்டேன் என்றேன். மாட்டேன் என்று சொல்வது சுலபம். நம் தொழிலில் கஷ்டமான இடம் இதுதான். எதைச் செய்யக்கூடாது என்று தெரிகிறது, எதைச் செய்யவேண்டும் என்று தெரியவில்லை, எதிரே ஒருத்தி நம் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

அந்த வாரம் மெஷினிலிருந்து இறங்கியதும் தேவகி செருப்பைப் போடாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "திருடித் துன்றேன்னு நெனைக்கிறீங்களா மேடம்?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

"சொல்லல. பாக்கறீங்க." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "ராத்திரி சோத்த வுட்டுட்டேன். அப்பவும் எறங்கல. இந்தப் பாழாப்போன ஒடம்பு இன்னாத்த புடிச்சி வச்சிக்கினு கீதுன்னு தெரியல. அந்த மனுஷன் அங்க கரைஞ்சிக்கினு போறாரு. எனக்கு கரைய மாட்டேங்குது."

முதலில் ராத்திரிச் சாப்பாட்டை விட்டதற்கு அவளை ஒரு பிடி பிடித்தேன். பிறகு, "ஞாயித்துக்கிழமை மத்தியானம் உன் வீட்டுக்கு வரேன். எப்பவும் சமைக்கற மாதிரி சமை. எனக்குன்னு எதையும் மாத்தாதே" என்றேன். எதைத் தேடிப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. அறையில் உட்கார்ந்து யோசித்து அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

ஒரு கூடமும் சமையலறையுமாகச் சின்ன வாடகை வீடு. முருகவேல் சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தான். கண் மஞ்சளாக இருந்தது. வாய் மட்டும் டிரைவர் வாய்தான், குறையவே இல்லை. "வாங்க மேடம். எங்க வூட்டம்மாவ ஊதித் தள்ளிடற மாதிரி ஆக்கிட்டீங்க. பஸ்ல பின்னாடி சீட்டுல உக்காந்தா கண்ணாடில தெரிய மாட்டா போல கீது."

"இதுக்கு முன்னாடி தெரிஞ்சாளா?"

"அவ மட்டுந்தான் தெரிஞ்சா. ரோடு எங்க தெரிஞ்சிது?"

உள்ளேயிருந்து தேவகி, "வாய மூடு மாமா. மேடம் இன்னா நெனைப்பாங்க" என்றாள். அவன் மூடவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அவன் பஸ்ஸில்தான் அவள் வேலைக்குப் போய் வந்தாளாம். காலை ஷிஃப்டுக்கு வெறும் வயிற்றோடு ஏறுகிறவள். இவன் அம்மா கட்டிக் கொடுத்த நாஸ்தாவில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு, மீதியோடு டப்பாவை மூடி, அவள் இறங்கும்போது கையில் கொடுத்துவிடுவானாம். சாயங்காலம் கழுவிய டப்பா திரும்பி வரும். "ஐ லவ் யூல்லாம் நான் சொன்னதே இல்ல மேடம். பாதி இட்லிலயே மேட்டர் முடிஞ்சிது."

தேவகி அவனுக்குத் தட்டு வைத்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெரிய சாப்பாட்டுத் தட்டு. குவியலாகச் சோறு, கட்டிப் பருப்பு, இரண்டு முட்டை, உப்புக் குறைத்த சங்கரா மீன் குழம்பு, கிண்ணத்தில் தயிர். ஆஸ்பத்திரியில் அவனைப் பார்க்கும் டயட்டீஷியன், உடம்பு உருகுகிறது, முடிந்த மட்டும் சாப்பிட வையுங்கள் என்று சொல்லியிருக்கிறாள். சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். நானும் தேவகிக்குச் சரியாகத்தான் சொல்லியிருந்தேன். அவனை ஊதச் சொல்லி ஒரு அறை, அவளை இளைக்கச் சொல்லி ஒரு அறை. இரண்டும் ஒரே அடுப்பில் வேகிறது என்பது எந்த அறைக்கும் தெரியாது.

அவன் நாலைந்து வாய் சாப்பிட்டான். அப்புறம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "இன்னும் ஒரு வாய் மாமா. மீன் மாமல்லபுரத்துலேர்ந்து வந்துது, உனுக்காகவே காலைல போயி வாங்கினேன்." இன்னொரு வாய் வைத்தான். தொண்டை ஏறி இறங்கியது. தட்டைத் தள்ளி வைத்தான். அவள் அவன் கையைச் சொம்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டாள். பிறகு நான் சொன்ன அளவுப்படி தன் தட்டில் போட்டுக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அளவு சரி. எல்லாம் சரி.

குடித்த தம்ளரை வைக்கலாம் என்று சமையலறைக்குப் போனேன். தொட்டி அருகில் அவள் நின்றுகொண்டு முருகவேலின் தட்டில் மிச்சமிருந்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ரசித்துச் சாப்பிடவில்லை. வேலையை முடிப்பதைப் போல, பெரிய பெரிய வாயாக, நின்றபடி. என்னைப் பார்த்தாள். திடுக்கிடக்கூட இல்லை. ஒளிக்கிறவள்தானே திடுக்கிடுவாள்?

"தேவகி, இது என்னம்மா?"

"இது என்னுது இல்ல மேடம். அவருது."

மூன்று வேளையும் இப்படித்தானா என்று கேட்டேன். ஆமாம் என்றாள், இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதைப் போல. தான் சாப்பிட்டதை என்னிடம் சொல்லும்போது தன் தட்டில் இருந்ததை மட்டும்தான் சொன்னாள். அது உண்மை. அவன் தட்டு அவள் கணக்கில் வரவே இல்லை. அவன் உடம்பு மோசமாக மோசமாக மிச்சம் கூடியது. அவள் தன் தட்டைக் குறைக்கக் குறைக்க அவன் தட்டு அவளுக்குள் போனது. எடை எங்கே நின்றது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"இனிமே இதைக் கொட்டிடு" என்றேன்.

அவள் முகம் மாறிவிட்டது. "கொட்டறதா? அவரு கை வச்ச சோத்தயா?"

"வீணாப் போகுதேன்னு பார்த்தா அவர் உயிர் போகும்மா."

"வீணாப் போவுதுன்னு இல்ல மேடம்." தட்டைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள். "அப்போ எனக்குன்னு மிச்சம் வச்சாரு. இப்போ முடியாம வைக்கிறாரு. தெரியும். ஆனா நான் துன்னா தட்டு காலி ஆவுது இல்ல? கழுவி வச்சா, அவரு சாப்ட்டாருன்னு இருக்கும். கொட்டினா, அவரு சாப்புடவே இல்லன்னு ஆயிடும். அத என்னால பாக்க முடியாது மேடம்."

என் கணவர் அணுமின் நிலையத்தில் ஷிஃப்டு வேலை பார்த்தவர். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தட்டின் முன்னால் உட்கார்ந்த நாள் குறைவு. அவர் போனபின் எத்தனையோ நாள் மூடி வைத்த சாப்பாட்டின் முன் நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். அவர் தட்டில் ஒரு வாய் மிஞ்சிக் கிடந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். கொட்டு என்று சொன்ன என் வாயை அடக்கிக்கொண்டேன்.

யோசிக்க நேரமில்லை. கூடத்தில் அவன் இருக்கிறான். தன் மிச்சம்தான் குறுக்கே நிற்கிறது என்று தெரிந்தால் சாப்பாட்டையே வேண்டாம் என்பான், இல்லை ஆபரேஷனையே வேண்டாம் என்பான். அவளை மாற்ற முடியாது. மாற்றச் சொல்ல எனக்கு மனமும் இல்லை. அலமாரியில் இட்லி வைக்கும் சின்ன டிபன் தட்டு ஒன்று கண்ணில் பட்டது. அதை எடுத்தேன். "இனிமே அவருக்கு இதுலதான். கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி. அவர் உடம்புக்கும் அதுதான் நல்லது. அவங்க டயட்டீஷியன்கிட்ட நான் பேசறேன்."

"நோயாளிக்கு கொஞ்சூண்டு போடறான்னு ஊர்லேர்ந்து வரவங்க சிரிப்பாங்க மேடம்."

"என் பேரைச் சொல்லு. என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும்."

ஒரு கரண்டி சோறு, ஒரு முட்டை, கொஞ்சம் குழம்பு. ஒரு மணி நேரம் கழித்து அதை அவன் முன் வைத்தாள். அவன் தட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "இன்னாமே, என்னை எல்.கே.ஜி.ல சேத்துட்டியா?" என்றான். பிறகு மெதுவாக, ரொம்ப மெதுவாக, முழுவதையும் சாப்பிட்டான். விரலால் குழம்பை வழித்து நக்கினான். தேவகி அந்தக் காலித் தட்டை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். வெகுநேரம் குழாய் ஓடும் சத்தம் கேட்டது.

அடுத்த வாரம் மெஷின் நகரவில்லை. உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். அதற்கடுத்த வாரம் நகர்ந்தது. ரயில் போகிறதோ என்று எட்டிப் பார்த்தேன், ரயில் இல்லை. அப்புறம் நிற்கவில்லை. ஸ்கேனில் கல்லீரல் தெளிந்திருந்தது. சொன்ன கெடு முடிவதற்குள் இருவரையும் பக்கத்துப் பக்கத்து ஆபரேஷன் அறைக்குள் கொண்டுபோனார்கள். அன்று நான் வேலைக்குப் போய், வந்தவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தேன். சாயங்காலம் இருவரும் நன்றாக இருக்கிறார்கள் என்று அந்தப் போன் பெண் சொன்னபோது அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

இத்துடன் நிறுத்தியிருந்தால் சின்னத் தட்டுதான் பாடம் என்று நீங்களும் எழுதிக்கொண்டு போவீர்கள். நானும் பல கூட்டங்களில் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன்.

நான் ஓய்வு பெற்றதும் இருவரும் ஒரு நாள் என்னை வெளியே கூட்டிப் போனார்கள். முருகவேல் இப்போது ஒரு சின்ன வேன் ஓட்டுகிறான். மாமல்லபுரம் தாண்டி, கடற்கரைச் சவுக்குத் தோப்பில் வண்டியை நிறுத்தி நிழலில் பாய் விரித்தோம். அவன் கண் வெள்ளையாக இருந்தது. கன்னம் உப்பியிருந்தது. தேவகிதான் கொஞ்சம் வாடினாற்போல் தெரிந்தாள்.

"நல்லா சாப்பிடறாரா?" என்றேன்.

"வழிச்சி துன்றாரு மேடம். தட்டுல ஒண்ணியும் மிஞ்சறதில்ல." சிரித்தாள். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டு, "நல்லதுதான்" என்றாள். அந்த 'நல்லதுதான்' என் காதில் உறுத்தியது.

அவன் தனக்கு ஒரு டிபன் டப்பாவைத் திறந்தான். ஓரம் நசுங்கிய பழைய அலுமினிய டப்பா. புளிசாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டே, ரோடு எப்படி இருக்கிறது என்று கேட்பதைப் போலச் சாதாரணமாகச் சொன்னான். "மேடம், அன்னிக்கி கிச்சன்ல நீங்க ரெண்டு பேரும் பேசினது இருக்குதே, எனக்கு எல்லாம் கேட்டுச்சு. எவ்ளோ பெரிய வூடு அது?"

தேவகியின் கை அப்படியே நின்றது.

"சின்ன தட்டுன்னாலும் எனக்கு எறங்கல மேடம். வாய்ல வச்சா கொமட்டும். ஒரு பருக்க மீந்தாலும் இவ எடுத்துத் துன்னுடுவா, அப்பால இவளுக்கு எறங்காது. அதான் முழுங்கினேன். இவ தட்டக் கழுவப் போனதும் கண்ண மூடிக்கினு பல்லக் கடிச்சிக்கினு உக்காந்திருப்பேன், வாந்தி வந்துடக் கூடாதேன்னு. மருந்து மாதிரி முழுங்கினேன்."

இத்தனை வருடம் என் சின்னத் தட்டு செய்த வேலை என்று மார் தட்டிக்கொண்டிருந்தேன். தேவகி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடிக்கப் போகிறாளா கட்டிக்கொள்ளப் போகிறாளா என்று எனக்குப் புரியவில்லை.

அவன் சாப்பிடுவதை நிறுத்தினான். டப்பாவில் சரிபாதி இருந்தது. மூடியைப் போட்டு அழுத்தி, அவள் மடியில் வைத்தான். "எனக்கு வயிறு ரொம்பல. நல்லா பசிக்குது. வேணும்னுதான் வைக்கிறேன்" என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, "இப்போ மிச்சம் வைக்கலாம் இல்ல மேடம்?" என்று கேட்டான்.

தேவகி டப்பாவைத் திறக்காமல் என்னைப் பார்த்தாள். மெஷினில் ஏறுவதற்கு முன்னால் பார்ப்பாளே, அதே பார்வை. அந்த டப்பாவில் எத்தனை கலோரி என்று எனக்குப் பார்த்தவுடனே தெரியும். எனக்கென்று பாதி வைத்து மூடிக் கொடுக்க இனி யாருமில்லை என்பதும் தெரியும்.

"சாப்பிடும்மா" என்றேன்.